கழித்துப்போட்ட வண்டியின் பின் பிரேக்கை மாட்டியாச்சு, ஆனால் பெடல் பாதி வரை இறங்குகிறது

#1 கூரையில்லாதவன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1991 மாடல், 1.6 லிட்டர் எஞ்சின். இடது பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் போட்டால் போட்டதுதான், விடாது. அது தெரியாமல் ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டி, டிஸ்க் நீலம் பாய்ந்துவிட்டது.

புதுக் காலிபர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) தேடிக்கொண்டிருந்தபோது கழித்துப்போட்ட 1995 மாடல் 1.8 வண்டி ஒன்று கண்ணில் பட்டது. முன்பக்கம் அப்பளம். பின்பக்கத்தில் கீறல்கூட இல்லை. பின் காலிபர் இரண்டு, அதைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு, பேட் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தேன். டிஸ்க் மட்டும் புதிது. என் வண்டியின் பழைய டிஸ்க் 231 மி.மீ., இது 251 மி.மீ.

நேற்று மாட்டினேன். பின்னால் இருக்கும் தகரக் கவசத்தில் டிஸ்க் உரசியது, ஓரத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். மற்றபடி போல்ட் எல்லாம் சொன்னபடி கேட்டன. பிரச்சினை பெடலில். பாதி தூரம் காலியாக இறங்கி, அதற்குப் பிறகுதான் பிடிக்கிறது. இரண்டு மூன்று முறை விடாமல் மிதித்தால் மேலே வருகிறது. ஒரு நிமிடம் விட்டால் பழைய கதை. மூன்று தடவை பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தாச்சு, ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலி, குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

#2 கால்மிதி

குமிழி வரவில்லை என்பதால் காற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலிபரில் காற்றை வெளியே விடும் நிப்பிள் மேல்பக்கம் பார்த்து இருக்கிறதா? தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்தீர்களா? செப்பு வாஷர் புதிதா, பழையதையே போட்டீர்களா?

#3 சுத்தியல்சாமி

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) போச்சு. காற்று எடுக்கிறேன் என்று பெடலை அடிவரை மிதித்திருப்பீர்கள். பழைய சிலிண்டரின் அடிப்பகுதியில் வருடக்கணக்கில் ரப்பர் படவே படாத இடத்தில் துரு இருக்கும். அதில் தேய்ந்து சீல் கிழிந்துவிடும். எனக்கு நடந்திருக்கிறது. மாற்றுங்கள்.

#4 கூரையில்லாதவன்

கால்மிதி அண்ணே: நிப்பிள் மேலேதான் இருக்கிறது. வாஷர் புதிது. தூரத்துச் சக்கரம்தான் முதலில்.

சுத்தியல்சாமி: அடிவரை மிதித்தது உண்மைதான். வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்களே.

#5 துருவேட்டை

பொறுங்கள் தம்பி, எதையும் வாங்க வேண்டாம். சுத்தியல்சாமி சொல்வது நடக்கக்கூடியதுதான். காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் சீல் கிழிந்த சிலிண்டர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெடலை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்தால் மெதுவாகக் கீழே நழுவிக்கொண்டே போகும். உங்களுடையது அப்படியா, இல்லை பாதியில் போய்ப் பாறை மாதிரி நிற்கிறதா?

இன்னொரு சோதனை. செலவில்லை, அரை நிமிட வேலை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முடிந்த மட்டும் இழுத்துப் போடுங்கள். பிறகு பெடலை ஒரே ஒரு முறை மிதியுங்கள். மேலேயே பிடித்தால் உங்கள் குழாயில் காற்றும் இல்லை, சிலிண்டரும் கெடவில்லை.

#6 கூரையில்லாதவன்

இப்போதுதான் செய்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக் இழுத்ததும் பெடல் மேலேயே நிற்கிறது! விட்டதும் மறுபடி பாதி. அழுத்திப் பிடித்தாலும் நழுவவில்லை.

சொல்ல மறந்த ஒன்று. ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்லை என்று கேபிளை நன்றாக முறுக்கி வைத்திருக்கிறேன்.

#7 துருவேட்டை

அதைத்தான் எதிர்பார்த்தேன். காலிபர் பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளினீர்கள்?

#8 கூரையில்லாதவன்

முதலில் சி-கிளாம்ப் போட்டேன், அசையவில்லை. அப்புறம் ஒரு நண்பர் சொன்னார், பின்னால் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆலன் கீ போகும், அதைத் திருப்பு என்று. திருப்பினேன், பிஸ்டன் சமர்த்தாக உள்ளே போய்விட்டது. புதுப் பேட் தாராளமாக உட்கார்ந்தது.

#9 துருவேட்டை

அந்தத் "தாராளம்"தான் உங்கள் பாதிப் பெடல். நண்பர் பாதியைச் சொல்லியிருக்கிறார், மீதியை விட்டுவிட்டார்.

பின் காலிபரில் இரண்டு வேலை நடக்கிறது. பெடலை மிதித்தால் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஹேண்ட் பிரேக் இழுத்தால் கேபிள் காலிபரில் இருக்கும் ஒரு கையை (சின்ன லீவரை) இழுத்து, உள்ளே இருக்கும் திருகுத் தண்டு அதே பிஸ்டனைத் தள்ளுகிறது. இந்த இரண்டாவது வேலைக்காகத் தண்டும் பிஸ்டனும் பிணைந்தே இருக்கும். சி-கிளாம்ப் போட்டால் நகராததும் அதனால்தான். அதோடு மல்லுக்கட்டியிருந்தால் உள்ளிருக்கும் திருகைக் கெடுத்திருப்பீர்கள், நல்லவேளை விட்டுவிட்டீர்கள். மற்ற பல வண்டிகளில் பிஸ்டனையே அதற்கான கருவியால் சுற்றி உள்ளே அனுப்புவார்கள். அந்தக் கருவியை இங்கே கொண்டுவர வேண்டாம். இதில் பிஸ்டன் சுற்றாது, பின்னாலிருந்து ஆலன் கீதான்.

நீங்கள் தண்டை முழுக்க உள்ளே ஓட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டீர்கள். மிதிக்கும்போது பிஸ்டன் அந்த இடைவெளி முழுவதையும் கடந்து வர வேண்டும். பாதிப் பெடல் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. காலை எடுத்ததும் மறுபடி பின்னால் போய்விடுகிறது. தேய்மானத்துக்கு ஏற்பத் தானாக நகரும் அமைப்பு உள்ளே உண்டு, ஆனால் அது பேட் தேயும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதற்கு. இவ்வளவு பெரிய பள்ளத்தை அது நிரப்பும் என்று காத்திருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது. முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். இதைத் தாண்டிவிட்டு வேறு எதையும் தொடாதீர்கள். நீங்கள் முறுக்கிவைத்த கேபிள் காலிபரின் கையைப் பாதி இழுத்தபடி வைத்திருக்கிறது, அந்த நிலையில் எந்த அளவும் பொய். கை அதன் தடுப்பில் போய் ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, 14 ஸ்பேனரால் அந்த மூடி போல்ட்டைக் கழற்றி, 4 மி.மீ. ஆலன் கீயை உள்ளே விடுங்கள். குட்டைக் கீ போதும், நீளக் கீ போட்டால் கை பலம் கூடிவிடும். ஒரு கையால் டிஸ்க்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறு கையால் கடிகாரத் திசையில் திருப்புங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. பிறகு "சர்... சர்..." என்று உரசும் சத்தம். இன்னும் கொஞ்சம் போனால் டிஸ்க் கைக்கு நகராது. அங்கே நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் வாருங்கள். டிஸ்க் விடுபட்டுச் சுற்றும், லேசான உரசல் இருந்தால் பரவாயில்லை. மூடி போல்ட்டைப் போட்டுவிட்டு மறுபக்கமும் அதே மாதிரி.

இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் கேபிள். ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது "டக் டக்" என்று விழும் பல்லில், ஐந்திலிருந்து ஏழுக்குள் அது பிடிக்க வேண்டும்.

#10 சுத்தியல்சாமி

சரி, மாஸ்டர் சிலிண்டரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

#11 கூரையில்லாதவன்

அண்ணே, கோயில் கட்டிவிடலாம் உங்களுக்கு. இடது பக்கம் இரண்டரைச் சுற்று உள்ளே போன பிறகுதான் உரசலே கேட்டது. வலது பக்கம் கிட்டத்தட்ட மூன்று. பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. நாளை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

#12 ஈரச்சாலை

நாளை எடுக்காதீர்கள். முன் பிரேக் என்ன?

#13 கூரையில்லாதவன்

முன்னால் பழையதுதான். 1.6-இன் 235 மி.மீ. டிஸ்க். பேட் நன்றாக இருக்கிறது. ஏன்?

#14 ஈரச்சாலை

காரணம் இதுதான். மாஸ்டா 1.6-இலிருந்து 1.8-க்குப் போனபோது முன் டிஸ்க்கை 235-இலிருந்து 255 ஆக்கியது. பின் டிஸ்க்கை 231-இலிருந்து 251 ஆக்கியது. இரண்டிலும் சரியாக 20 மி.மீ. முன்னும் பின்னும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் கெடாமல் இரண்டையும் ஒன்றாக வளர்த்திருக்கிறார்கள். நீங்கள் பின்னால் மட்டும் வளர்த்துவிட்டீர்கள்.

டிஸ்க் 20 மி.மீ. பெரிதானால் பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 10 மி.மீ. வெளியே போகிறது. அதே ஆயில் அழுத்தத்துக்குப் பின் சக்கரத்தை நிறுத்தும் திருப்புவிசை தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் தரையை அழுத்துவது குறைகிறது. தேவை குறையும் நேரத்தில் நீங்கள் கூட்டிக் கொடுக்கிறீர்கள். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி நேராகச் சறுக்கும். ஸ்டியரிங் கேட்காது, அவ்வளவுதான். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். குட்டையான, லேசான வண்டி, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. நனைந்த சாலையில், வளைவில், பதறி மிதிக்கும்போது அது தெரியும். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

#15 சுத்தியல்சாமி

கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள். கம்பெனியே பின்னால் குறைத்துத்தான் வைத்திருக்கும், பத்து சதவிகிதம் தாங்கும். என் பழைய வண்டியில் பின்னால் பெரியது மாட்டி இரண்டு வருடம் ஓட்டினேன். பிடித்தால் வண்டி முன்னால் குனியாமல் மொத்தமாகத் தரையில் அமர்ந்து நிற்கும். சுகமாக இருந்தது.

#16 ஈரச்சாலை

அந்தச் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். பின் பிரேக் கூடினால் வண்டி குனிவது குறையும், உண்மை. காய்ந்த சாலையில் பாதி அழுத்தத்தில் பிடிக்கும்வரை எல்லாம் அருமை. கம்பெனி பின்னால் குறைத்து வைத்ததும் சும்மா இல்லை. பேட் சூடானாலும், டயர் தேய்ந்தாலும், டிக்கி காலியாக இருந்தாலும் முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும் என்பதற்காக விட்டுவைத்த இடைவெளி அது. நீங்கள் அதைச் செலவழித்துவிட்டு இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு மழை வரவில்லை, அவ்வளவுதான்.

#17 கால்மிதி

இடையில் ஒரு கேள்வி. பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கத்தான் வால்வ் இருக்கிறதே? கையால் திருகிச் சரிசெய்யும் வால்வ் ஒன்றைப் போட்டுவிட்டால்?

#18 துருவேட்டை

போடலாம். வண்டியோடு வரும் வால்வ், ஓர் அளவு வரை முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் தரும். அதற்கு மேல் பின்பக்கம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். திருகும் வால்விலும் அந்தத் திருப்பம் எங்கே வர வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பின்பக்கத்தைக் குறைக்க மட்டுமே முடியும். பெரிய டிஸ்க் மாட்டி, அப்புறம் வால்வ் போட்டு அதைக் குறைப்பதற்குச் சின்ன டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாமே. வால்வ் உள்ளே இருக்கிறது என்று மறந்துபோய் அடுத்தவருக்கு வண்டியை விற்பது இன்னொரு கூத்து.

என் கருத்து: முன்பக்கத்துக்கும் 1.8-இன் பிராக்கெட், காலிபர், 255 டிஸ்க் தேடுங்கள். 1.8 வண்டியே 14 அங்குலச் சக்கரத்தில்தான் வந்தது, ஆகவே உங்கள் சக்கரம் இடிக்காது. 2001-க்குப் பிறகு வந்த ஸ்போர்ட் பிரேக் கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள். அது முன்னால் 270, பின்னால் 276. அதற்கு 15 அங்குலச் சக்கரம் வேண்டும்.

#19 ஆறாம்விரல்

எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, அந்தக் காலிபரைத் திறந்து பார்த்தீர்களா? கழித்துப்போட்ட வண்டி எத்தனை நாள் குழாய் வெட்டிய நிலையில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு வந்துவிடுகிறது. கொதிநிலை ஒருபக்கம் இருக்கட்டும், அந்த ஈரம் முதலில் தின்பது பிஸ்டனை.

அப்புறம் கிரீஸ். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். காலிபர் முன்பின் நகர உதவும் ஊசி காய்ந்து கிடக்கிறதே என்று சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸை அள்ளி அப்பினேன். இரண்டு மாதத்தில் உள்ளிருந்த ரப்பர் ஊறி உப்பி, ஊசி சிக்கிக்கொண்டது. வெளிப் பேட் புதிதாக அப்படியே இருக்க, உள் பேட் இரும்பு தெரியும் வரை தேய்ந்துபோயிருந்தது. பெட்ரோலிய கிரீஸ் எதுவும் பிரேக் ரப்பருக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. சிலிகோன் கிரீஸ், இல்லையென்றால் பிரேக் ரப்பருக்கென்றே வரும் சிவப்பு கிரீஸ்.

#20 கூரையில்லாதவன்

திறக்கவில்லை. வெளியே கம்பித் தூரிகையால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

#21 கூரையில்லாதவன்

இரண்டையும் கழற்றித் திறந்தாச்சு. வலது பக்கப் பிஸ்டன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இடது பக்கம் தூசி ரப்பரைத் தூக்கியதும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. பிஸ்டனின் வாய்ப் பக்கத்தில் அரிசி முனை அளவில் நாலைந்து குழி. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. ஈர எமரி பேப்பரால் தேய்த்து எடுத்துவிடலாமா?

ஹேண்ட் பிரேக் கை இரண்டுமே கையால் இழுத்து விட்டால் தடுப்புக்குத் "டக்" என்று திரும்புகின்றன.

#22 ஆறாம்விரல்

கை திரும்புகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. இந்தக் காலிபர்களில் முதலில் சாவது அதுதான். கை நுழையும் இடத்து ரப்பர் கிழிந்து, தண்ணீர் இறங்கி, தண்டு துருப்பிடித்துவிடும். உங்கள் பழைய இடதுபக்கக் காலிபருக்கும் அதுதான் நடந்திருக்கும்.

குழி விஷயத்தில்: சீல் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். சீல் பிஸ்டனில் இல்லை, சிலிண்டரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேட் புதிதாக இருக்கும்போது பிஸ்டன் உள்ளே இருக்கும், அதன் வாய்ப் பக்கம்தான் சீல் மேல் படும். உங்கள் குழி இருப்பது அங்கேதான். மேலாக நிறம் மட்டும் மாறியிருந்தால் நுண் எமரி பேப்பரை பிரேக் ஆயிலில் நனைத்துத் துடைத்தால் போதும். நகம் தட்டுகிற குழியைத் தேய்த்தால் மேலே இருக்கும் பூச்சு போய், இன்னும் வேகமாக அரிக்கும். பிஸ்டனை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் புது சீல், புது தூசி ரப்பர். சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து விரலால் மட்டும் உட்காரவையுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம்.

#23 துருவேட்டை

அதோடு ரப்பர் ஹோஸையும். பழைய வண்டியிலிருந்து எடுத்த ஹோஸை ஒருபோதும் மாட்டாதீர்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்சுவர் உரிந்து மூடிக்கொண்டிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. நீங்கள் காலிபரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். காலிபரை ஹோஸில் தொங்கவிடவும் வேண்டாம், கம்பி போட்டுக் கட்டுங்கள்.

டாட் 5 என்று எழுதிய சிலிகோன் ஆயிலை மட்டும் இதில் கலந்துவிடாதீர்கள். 5.1 வேறு, அது 4-ஓடு சேரும்.

#24 கூரையில்லாதவன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இடது பிஸ்டன் புதிது, இரண்டு பக்கமும் சீல் புதிது, நாலு ஹோஸும் புதிது. முன்பக்கத்து 1.8 பிராக்கெட்டும் காலிபரும் கிடைக்கும்வரை வண்டியை ஸ்டாண்டிலேயே வைத்திருந்தேன். போன வாரம் கிடைத்தன. இந்த முறை பெயின்ட் டப்பாவைத் தொடும் முன் திறந்து பார்த்தேன், சீல் மாற்றியபிறகுதான் பூச்சு. முன்னும் பின்னும் ஒரே வகைப் பேட்.

காற்று எடுக்க அரை லிட்டர்தான் ஆனது, பெடலுக்கு அடியில் மரத்துண்டோடு. ஆலன் கீயை மறக்கவில்லை. ஆள் இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை நடுத்தரமாகப் பிடித்து, முழுக்க நிறுத்தாமல் விட்டு விட்டுப் பேட்டைப் பழக்கினேன். அப்புறம் அதே சாலையில் தண்ணீர் தேங்கிய இடம் ஒன்றில் வேண்டுமென்றே அழுத்தினேன். முன் இடது சக்கரம் முதலில் "கீச்" என்றது, வண்டி நேராகவே போனது.

ஹேண்ட் பிரேக் ஆறாவது பல்லில் நிற்கிறது, சரிவில் விட்டும் பார்த்தாச்சு.

#25 ஈரச்சாலை

முன் சக்கரம் முதலில் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு வாரம் ஓடியபிறகு வீல் நட்டையும் காலிபர் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே ஏதோ விடவில்லை.

#26 சுத்தியல்சாமி

தம்பி, அந்தப் பழைய 1.6 பின் பிராக்கெட்டும் நீலம் பாயாத 231 டிஸ்க்கும் சும்மாதானே கிடக்கின்றன? ஈரச்சாலை எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது இருக்கும் வண்டியிலும் பின்னால் மட்டும்தான் பெரியது போட்டு வைத்திருக்கிறேன்.

#27 கூரையில்லாதவன்

பிராக்கெட் இரண்டும் உங்களுக்குத்தான், துருவைத் தேய்த்து வைக்கிறேன். டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். நல்லதாக இருந்த ஒன்றின் மேல் அம்மா துளசித் தொட்டியை வைத்துவிட்டார், எடுக்கக் கேட்டால் முறைக்கிறார்.